உள்ளேயிருந்து வந்த சீட்டு

விபத்துத் தடுப்பு ஆணையத்தின் தலைமைக் கட்டடத்தில், உள்ளேயிருந்து வருகிற ஒன்றை யார் அனுப்பியது என்று யாரும் கேட்பதில்லை. இந்த விதி எந்தக் கையேட்டிலும் அச்சிடப்படவில்லை; அச்சிட்டிருந்தால் யாராவது அதற்குத் திருத்தம் கோரியிருக்கக்கூடும். வெளியேயிருந்து வருவது எதுவாயினும் அதற்கு மூன்று சோதனைகளும் இரண்டு கையொப்பங்களும் உண்டு. உள்ளேயிருந்து வருவது கோப்போ, கட்டளையோ, நாற்காலியோ, அடியோ, வந்த வேகத்திலேயே நிறைவேற்றப்பட்டுவிடும். இருபது ஆண்டுகள் அங்கே பணியாற்றி ஓய்வுபெற்றவர்களுக்குக்கூடத் தாங்கள் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டிருந்தோம் என்பது தெரியாது.

விதி எப்படி வேலைசெய்தது என்பதைக் காவலர் அறையில் காணலாம். அங்கே ஒரு சிறிய பிரிண்டர் இருந்தது. அதிலிருந்து விரல் நீளச் சீட்டு வரும். 'வரிசையில் ஏழாவது ஆள். ஒழுங்குபடுத்துக. பன்னிரண்டு' என்று அதில் இருந்தால், காவலர் தடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், மனுக் கொடுக்க நிற்பவர்களில் ஏழாமவரைப் பன்னிரண்டு முறை ஒழுங்குபடுத்திவிட்டு வருவார். கடமையில் மிகத் துல்லியமானவர். பதின்மூன்றாவது அடி விழுந்ததாக அவர்மீது ஒருபோதும் புகார் வந்ததில்லை.

ஆணையத்தின் நிலவறைக்கு, மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தவனை எல்லாரும் தம்பி என்றே அழைத்தார்கள். தரைத்தளத்தில் பதினான்கு ஆண்டுகளாக நறுக்கு யந்திரத்தை நடத்திவந்த பெண்மணிக்கு அவன் உடன்பிறந்த தம்பி. கட்டடத்துக்கும் அப்படியே ஆகிவிட்டான். தீர்வு காணப்பட்ட மனுக்களை அந்த யந்திரத்தில் போட்டு நறுக்குவார்கள். நறுக்கப்பட்ட மனுவே தீர்வு காணப்பட்ட மனு என்று கணக்கிடும் எளிய முறையும் நடைமுறையில் இருந்தது. மனுக்களில் குத்தப்பட்ட கம்பிகள் பல் உருளைகளில் சிக்கிக்கொள்வதால், நாள்தோறும் பிற்பகல் மூன்று மணிக்கு யந்திரத்தை நிறுத்தி, அதன் தொண்டைக்குள் தோள்வரை இரண்டு கைகளையும் விட்டு அக்கா அவற்றைப் பிடுங்கி எடுப்பாள்.

வேலைக்குச் சேர்ந்த நாளில் அவள் தம்பிக்குச் சொன்னவை இரண்டே.

"வாசல் கதவுக்கு அடியில நிக்காதே. உள்ள இருந்து ஏதாவது வந்தா செஞ்சிடு, வாயைத் திறக்காதே."

ஆணையம் தன் மென்பொருளை வெளியார் பொறுப்பில் விடவில்லை. மனுக்களை வாங்கும் போர்ட்டல், தண்ணீர்க் குழாய்களுக்கு அடியில், ஆணையத்துக்கே சொந்தமான சர்வரில் ஓடியது. இயக்குநர் அதை 'நம் வீட்டுப் பிள்ளை' என்பார். பிள்ளையைக் கடைசியாக யார், எப்போது புதுப்பித்தார்கள் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. போர்ட்டலின் படிவத்தில் கட்டாயமாக நிரப்பவேண்டிய ஓர் இடம் இருந்தது: விபத்துக்குக் காரணமான பொருளின் படம் எந்த முகவரியில் இருக்கிறது? மனுக்காரர் முகவரியைக் கொடுத்தால் போதும். சர்வரே எழுந்து போய்ப் படத்தை எடுத்துக்கொண்டு வரும். மனுக்காரரின் சிரமத்தைக் குறைப்பதற்காக ஆணையம் செய்த ஒரே ஏற்பாடு அதுதான். அழிவும் அதிலிருந்துதான் தொடங்கியது.

அழிவைத் தொடங்கிவைத்தவர் ஒரு தச்சர். அவருக்கு எவர்மீதும் கோபமில்லை. ரம்பத்தில் கட்டைவிரலை இழந்ததற்கு மனுக் கொடுக்க முதல் தடவை வந்தபோது, ஆணையத்தின் இரும்புக் கதவு இறங்கி அவருடைய இடது பாதத்தை நசுக்கிவிட்டது. எனவே பாதத்துக்காக இரண்டாவது மனுக் கொடுக்க வந்தார். காரணமான பொருள்: வாசல் கதவு. படத்தின் முகவரி? தச்சர் நிமிர்ந்து பார்த்தார். கதவின் ஓரத்தில் ஒரு பெட்டி. பெட்டியில் கேமராவின் கண். கண்ணுக்குக் கீழே ஒட்டுத்தாளில், இடையிடையே புள்ளி வைத்த நான்கு எண்கள். கதவை இந்தக் கண்தானே பார்த்துக்கொண்டிருக்கிறது, படம் இங்கேதான் இருக்கும் என்று முடிவுசெய்து, அந்த எண்களை அப்படியே தன் கைப்பேசியில் படிவத்தில் இட்டார்.

அந்த எண்கள் கதவை இயக்கும் பெட்டியின் முகவரி. யாராவது அந்த முகவரியில் தட்டினால் கதவு இறங்கும். மறுபடி தட்டினால் ஏறும். வெளியேயிருந்து தச்சர் ஆயிரம் தடவை தட்டியிருந்தாலும் பெட்டி அசைந்திருக்காது. இப்போது தட்டியது சர்வர், உள்ளே இருப்பது, வீட்டுப் பிள்ளை. பெட்டி ஒன்றும் கேட்கவில்லை. இரும்புக் கதவு இறங்கியது. அதற்கடியில் வரிசையைச் சரிசெய்துகொண்டிருந்த காவலரின் வலது காறை எலும்பு இரண்டாக முறிந்த ஓசை நான்காவது மாடிவரை கேட்டதாகப் பின்னர் அறிக்கையில் பதிவாயிற்று.

போர்ட்டல் தச்சருக்குப் பதில் சொன்னது: 'படம் கிடைக்கவில்லை. மீண்டும் முயல்க.' தச்சர் மீண்டும் முயன்றார். கதவு ஏறியது. காவலரை இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்து இழுக்கத் தொடங்கினார்கள். 'மீண்டும் முயல்க.' தச்சர் மூன்றாம் தடவையும் முயன்றார். இம்முறை கதவு காவலரின் பூட்ஸ் நுனியோடு நின்றது. பூட்ஸுக்குள் கால்விரல்கள் இருந்தன.

விசாரணை நான்கு நாள் நடந்தது. இயக்குநர் ஊழியர் கூட்டத்தில் முடிவை அறிவித்தார்.

"கதவுக்கு ஆணை உள்ளேயிருந்து வந்திருக்கிறது. பதிவேட்டில் தெளிவாக இருக்கிறது. உள்ளேயிருப்பவர்கள் நாம். நாம் தவறு செய்வதில்லை. ஆகவே தவறு நடக்கவில்லை. நம் கதவு தாமதமின்றிக் கீழ்ப்படிந்தது என்பதில் நான் பெருமைப்படுகிறேன். எலும்பைப் பொறுத்தவரை, அது கதவுக்கு அடியில் இருந்திருக்கிறது."

எலும்புக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப்பட்டது. காவலர் இடது கையால் பெற்றுக்கொண்டார். வலது கையைத் தூக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் அவரை வாசலிலிருந்து விடுவித்து, இலகுவான பணியில் அமர்த்தினார்கள். அதாவது, அடிப்பது மட்டும்.

தம்பி சர்வரின் பதிவேட்டைப் பார்த்துவிட்டு இயக்குநரின் அறைக்குப் போனான். அவருக்குப் புரியும்படி சொல்ல ஒரு சிற்றாளை உவமையாக்கிக்கொண்டான். வெளியே நிற்பவன் ஒரு துண்டுத்தாளில் 'இந்த அறைக்குப் போய் வா' என்று எழுதி நம் சிற்றாளிடம் கொடுக்கிறான்; சிற்றாள் நம் சட்டையைப் போட்டிருப்பதால் எல்லா அறையும் திறக்கிறது; சிற்றாளின் காலை நடத்துவது வெளியே நிற்பவன் என்று உள்ளே யாருக்கும் தெரிவதில்லை. இயக்குநர் கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்ததும், அந்தச் சிற்றாளின் பெயரையும் பணி எண்ணையும் எழுதித் தருமாறு கேட்டார்.

இறுதியில், கதவின் எண்ணை மட்டும் படிவத்தில் தடைசெய்ய அனுமதி கிடைத்தது. தம்பி தடைசெய்தான். ஆனால் அதற்குள் தச்சர், இந்த எண்ணைப் போட்டால் கதவு இறங்குகிறது, என்னவென்று பாருங்கள் என்று வரிசையில் முன்னும் பின்னும் நின்றவர்களிடம் அக்கறையோடு விசாரித்துவிட்டிருந்தார். வரிசையில் நிற்பவர்களுக்கு நேரம் நிறைய. புள்ளிகளை எடுத்துவிட்டு நான்கு எண்களையும் ஒரே நீள எண்ணாக மாற்றி எழுதினாலும் சர்வர் அதே வாசலுக்குத்தான் போகும் என்பதை ஒருவர் கண்டுபிடித்தார். தடைப்பட்டியலில் இருந்த எண் அதுவல்ல. சர்வர் போயிற்று.

அந்த நேரத்தில் முத்திரை எழுத்தர் கதவின் கீழ்ச் சந்து வழியே ஒரு மனுவை வாங்கிக்கொண்டிருந்தார். மனு வெளியே நின்றுவிட்டது. மூன்று விரல்கள் உள்ளே வந்தன.

விரல்கள் உள்ளே கிடந்ததால் அவை ஆணையத்தின் சொத்தாயின. சான்றுப் பொருள் என்று எண்ணிட்டு, ஒரு கண்ணாடிச் சாடியில் திரவம் ஊற்றிப் பதிவறையில் வைத்தார்கள். அவற்றில் ஒன்று, வருகைப் பதிவு யந்திரத்தில் எழுத்தர் தினமும் வைக்கும் சுட்டுவிரல். மறுநாள் காலை எழுத்தர் வரவில்லை என்று யந்திரம் சொல்ல, பதிவறைக்காரர் சாடியைக் கொண்டுவந்து விரலை எடுத்து ஒற்றினார். யந்திரம் பச்சை விளக்கைக் காட்டி ஏற்றுக்கொண்டது. விரல் உள்ளேயிருந்துதானே வந்திருக்கிறது. மருத்துவமனையில் கிடந்த ஐந்து வாரமும் எழுத்தர் ஒரு நாள்கூடத் தாமதமாக வரவில்லை. கைகள் முழுதாக இருந்த ஆண்டுகளில் அவர் இப்படி இருந்ததில்லை என்று இயக்குநர் பாராட்டிப் பேசினார். எழுத்தர் வேலைக்குத் திரும்பியபோது, அவரிடம் மிஞ்சியிருந்த விரல்களை யந்திரம் அடையாளம் காணவில்லை. வெளியாள் என்று சொல்லி அவரை வரிசையில் நிற்கவைத்தார்கள்.

அந்த நாட்களில் காவலரின் பிரிண்டரிலிருந்து வரும் சீட்டுகள் பெருகின. முன்பு வாரத்துக்கு நான்கைந்து. இப்போது நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது. இடது கை பழகிவிட்டதால் காவலர் தளரவில்லை. மூன்றாவது ஆள், ஒன்பதாவது ஆள், மூன்றாவது ஆளுக்கு மறுபடி. பற்களைக் கூட்டி அள்ள ஒரு முறம் வாங்கினார்கள். வரிசை மளமளவென்று நகர்ந்தது, மதியத்துக்குள் பாதியாகிவிடும். மனுக்களைத் தீர்க்கும் வேகத்தில் ஆணையம் வரலாறு காணாத உயரத்தை எட்டியிருப்பதாக இயக்குநர் அறிக்கை எழுதினார்.

ஒரு முற்பகலில் காவலர் நிலவறைக்கு வந்தார். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கினார். படி இறங்கியதில் தோள் வலித்தது.

"தம்பி, எழுந்து அந்தக் குழாயைப் பிடிச்சுக்கோ."

"எதுக்குண்ணே?"

"எட்டு."

"நான் என்ன பண்ணேன்?"

"அது சீட்டுல இல்லப்பா." அவர் சீட்டைத் திருப்பிக் காட்டினார். "பின்னாடியும் இல்ல. வெறும் எட்டுதான். பல்லைக் கடிச்சுக்கோ, நாக்கு நடுவுல வந்துடப் போவுது."

எட்டும் விழுந்தன. ஐந்தாவதில் விலா எலும்பு ஒன்று உள்ளே மடங்கியதைத் தம்பி உணர்ந்தான். ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் காவலர் சற்று ஓய்வெடுத்தார். வலது கை நன்றாக இருந்தால் சீக்கிரம் முடித்திருப்பேன் என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். முடிந்ததும் அவனை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். சீட்டைத் தரையில் விட்டுப் போனார்.

தம்பி தரையில் வழிந்த இரத்தத்துக்குள்ளிருந்து சீட்டை எடுத்து, அது அச்சான மணியைப் பார்த்தான். சர்வரின் பதிவேட்டில் அதே மணி, அதே நிமிடம்: யாரோ ஒரு மனுக்காரர், படத்தின் முகவரி என்ற இடத்தில் ஒவ்வோர் எண்ணாகத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்த காவலர் அறைப் பிரிண்டரின் முகவரியைக் கொடுத்து, அதன் வாலில் 'நிலவறைத் தம்பி. ஒழுங்குபடுத்துக. எட்டு' என்று எழுதியிருந்தார். சர்வர் படம் தேடிப் போயிற்று. பிரிண்டர் வாலில் இருந்ததை அச்சிட்டது. 'படம் கிடைக்கவில்லை. மீண்டும் முயல்க' என்று மனுக்காரருக்குப் பதில் போயிற்று. நல்லவேளையாக அவர் மீண்டும் முயலவில்லை.

விலாவைப் பிடித்துக்கொண்டு தம்பி பின்னோக்கிப் படித்தான். கடந்த மாதம் வந்த சீட்டுகள் ஆயிரத்து நூற்றுச் சொச்சம். அவற்றில் ஆணையத்தில் பணியாற்றுபவர்கள் எழுதியவை பத்தொன்பது. மற்றவை எல்லாம் வரிசையில் ஒன்பதாவதாக நின்றவர் எட்டாமவரைப் பற்றியும், எட்டாமவர் ஏழாமவரைப் பற்றியும் எழுதியவை. வரிசை நகர்ந்த காரணம் இதுதான்.

அவன் அதைத் தாளில் எடுத்துப் போய்க் காவலரிடம் காட்டினான். அவர் நம்பவில்லை. தம்பி அவர் எதிரிலேயே தன் கைப்பேசியில் ஒரு மனு எழுதி, பிரிண்டரின் முகவரிக்கு வாலாக 'சுவர். ஒழுங்குபடுத்துக. ஒன்று' என்று சேர்த்து அனுப்பினான். பிரிண்டர் உறுமிச் சீட்டைத் துப்பியது. காவலர் அதைப் படித்தார். எழுந்து போய்ச் சுவரை ஒருமுறை ஓங்கி அடித்தார். அதன்பிறகுதான் வந்து உட்கார்ந்தார்.

"போன வாரம் ஒரு பொண்ணு, பதினாலாவது ஆள். மணிக்கட்டை ஒடச்சேன். அண்ணே அண்ணேன்னு கத்துனா." காவலர் தடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அதுவும் இப்படித்தானா?"

தம்பி தாளைத் தடவிப் பார்த்தான். பதினான்காம் எண். இருந்தது. பதினைந்தாவதாக நின்றவர் எழுதியது.

"உள்ள இருந்துதான் வந்துச்சு," என்றார் காவலர், தமக்குத்தாமே. பிறகு அன்று முழுதும் சீட்டு வந்தபோதெல்லாம் எழுந்து போனார்.

தம்பி இயக்குநரிடம் மறுபடி போனான். மனுக்காரரின் முகவரியில் எண்களே கூடாது, வெளியே உள்ள தளங்களின் பெயர்கள் மட்டுமே இருக்கலாம் என்று மாற்ற அனுமதி பெற்றான். அது மூன்று நாள் தாங்கியது. நான்காம் நாள், யாரோ வெளியே ஒரு தளத்தைத் திறந்து, அங்கே வருகிறவரிடம் 'படம் இங்கே இல்லை, அந்த எண்ணுக்குப் போ' என்று சொல்லும்படி வைத்தார்கள். சர்வர் வெளியே போய், அங்கே சொன்னதைக் கேட்டு, பணிவோடு உள்ளே திரும்பி, சொன்ன எண்ணைத் தட்டியது. இம்முறை அந்த எண் நறுக்கு யந்திரத்துடையது. யாருக்கும் அது என்ன எண் என்று தெரிந்திருக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் வரிசையாக எல்லா எண்களையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மணி மூன்று பத்து.

உருளைகள் சுழலத் தொடங்கியபோது அக்காவின் இடது கை முழங்கைக்கு மேல்வரை உள்ளே இருந்தது. முதலில் சட்டைக் கை போயிற்று. அவள் வலது காலை யந்திரத்தின் வாயில் உதைத்து ஊன்றி, உடம்பையே நெம்புகோலாக்கிப் பின்னால் சாய்ந்து, கையைப் பிடுங்கினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் உள்ளேயே தங்கிவிட்டது. யந்திரம் அதையும் மனுக்களோடு சேர்த்து நறுக்கித் தீர்வு கண்டது.

கோப்புக் கட்டும் சிவப்புத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு அவள் நிலவறைக்கு இறங்கிவந்தாள். துணி சிவப்பாக இருந்ததால் எவ்வளவு இரத்தம் என்று தெரியவில்லை.

"உன் பிள்ளை என் கையைக் கேட்டுச்சுடா," என்றாள். "இன்னிக்குத் தோலைக் குடுத்து அனுப்பிட்டேன். அடுத்த தடவை முழுசாத்தான் குடுக்கணும்."

"அக்கா, நீ நாளையிலேருந்து வராதே."

"வரலைன்னா அந்த வேலைக்கு வேறொருத்தி வருவா. அவளுக்குத் தம்பி இல்லைன்னா என்ன பண்றது?" அவள் அவனுடைய விலாவைக் காட்டினாள். "நேரா உக்காரு. நேரா உக்காந்தாதான் எலும்பு கூடும். எனக்கு நாளைக்கு மூணு மணி வரைக்கும் டைம் இருக்கு. என்ன பண்ணுவியோ பண்ணு."

அவன் அன்று மாலையே செய்துவிட்டான். உண்மையில் அது பெரிய வேலையல்ல. இவ்வளவு எலும்புகள் முறிந்த பிறகு அது இவ்வளவு சிறியது என்பதே அவனுக்கு அவமானமாக இருந்தது. யார் எந்தப் பெயரைக் கொடுத்தாலும், சர்வர் முதலில் அந்தப் பெயருக்குரிய எண் எது என்று விசாரிக்கும். எப்படி எழுதினாலும் அதைப் புரிந்துகொள்ளும். அது கட்டடத்துக்கு உள்ளே இருக்கும் எண் என்றால் போகாது. வெளியே என்றால், விசாரித்த அதே எண்ணுக்கு மட்டும் போகும். போன இடத்தில் 'வேறிடம் போ' என்று சொன்னால் கேட்காமல் திரும்பிவிடும். மறுநாள் காலை வரிசையில் இருந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த எல்லா வித்தைகளையும் செய்து பார்த்தார்கள். கதவு அசையவில்லை. பிரிண்டர் தூங்கியது. காவலர் தடியை மடியில் வைத்துக்கொண்டு பதினொரு மணிவரை சும்மா உட்கார்ந்திருந்தார். இதற்குமுன் அவர் அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

பதினொரு மணிக்கு இயக்குநர் போர்ட்டலைத் திறந்தார். முகப்புப் பக்கத்தில் அவருடைய உருவப்படம் இல்லை. படம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம். அதில், 'உள்ளக முகவரி. மறுக்கப்பட்டது.'

இயக்குநரின் உருவப்படமும் கட்டடத்துக்குள் இருந்த ஒரு கணினியிலிருந்து, அதே சிற்றாளால், ஒவ்வொரு தடவையும் எடுத்துவரப்பட்டுக்கொண்டிருந்தது. படத்தை வேறிடத்தில் வைத்துவிடலாம், பத்து நிமிட வேலை என்று தம்பி சொன்னான். இயக்குநர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இருபத்தாறு வருஷமா இந்தக் கட்டடத்துல நான் எங்க போனாலும் யாரும் என்னை 'யாரு'ன்னு கேட்டதில்ல. நீ பண்ணி வெச்சது என்னைக் கேக்குது. என் மூஞ்சியை மறுக்குது. வெளியாளு பண்ற தப்புக்காக உள்ளாளைச் சந்தேகப்படணுமா? கை போனா போவுது. நம்பிக்கை போனா வருமா?"

அவன் கெஞ்சினான். படிவத்தைத் தொடவேண்டாம், கதவும் பிரிண்டரும் யந்திரமும் ஆளுக்கொரு ரகசியச் சொல்லைக் கேட்டுவிட்டு இயங்கட்டும், அது போதும் என்றான். இயக்குநர் அதை இன்னும் பெரிய அவமதிப்பாகக் கருதினார். இரும்புக்குக்கூடக் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்துவிட்டால் பிறகு மனிதர்கள் சும்மா இருப்பார்களா என்பது அவர் தரப்பு. ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலை மீட்கப்பட்டது. வெள்ளைச் சதுரத்தில் இயக்குநர் மீண்டும் புன்னகைத்தார். பிரிண்டர் உறுமியது. காவலர் தடியோடு எழுந்தார்.

தம்பி நேரே தரைத்தளத்துக்குப் போனான். நறுக்கு யந்திரத்தின் பின்னால் குனிந்து, சுவர் வழியே சர்வருக்குப் போகும் கேபிளைக் குறட்டால் வெட்டி, வெட்டிய துண்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். இனி யந்திரத்தைத் தொலைவிலிருந்து யாரும் தட்ட முடியாது. ஓட்டவேண்டும் என்றால், பக்கத்தில் இருக்கும் இரும்புக் கைப்பிடியை ஒரு மனிதன் தன் கையால் இறக்கவேண்டும். இயக்குநரிடம் யந்திரம் பழுது என்று சொன்னான். கைப்பிடி கனமானது என்பதால், கட்டடத்திலேயே வலுவான இடது கை யாருக்கு இருந்ததோ அவரை அதன் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

மறுவாரம் மேலாய்வுக் குழு வந்தது. அன்று காலையிலேயே வாசலில் போர் மூண்டிருந்தது. தங்கள் முதுகில் விழுந்த அடிகளை எழுதியது பின்னால் நின்றவர்தான் என்று வரிசைக்குத் தெரிந்துவிட்டது. ஒருவரை ஒருவர் கட்டைகளாலும் ஊன்றுகோல்களாலும் அடித்துக்கொண்டார்கள். பிரிக்கப் போன காவலர்கள் கதவுக்கு அடியில் நின்று பிரித்தார்கள். இருநூறு கைப்பேசிகளிலிருந்து இருநூறு பேர் படம் கேட்டார்கள். கதவு ஒரு தாடையைப் போல் ஏறி இறங்கி, சீருடையையும் சீருடை இல்லாததையும் பாகுபாடின்றி மென்றது. தச்சர் நொண்டிக்கொண்டே நடுவில் நின்று, எல்லாரும் ஒரே சமயத்தில் முயன்றால் எனக்கு எப்போது படம் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கட்டை அவருடைய வாயை மூடியது. மேலாய்வுக் குழுவைப் பின்வாசல் வழியாக அழைத்துவந்தார்கள்.

குழு பார்ப்பதற்காகத் தீர்வுகளின் எண்ணிக்கையை உயர்த்தவேண்டி, காலை முழுதும் மனுக்களைக் கட்டுக்கட்டாக யந்திரத்தில் திணித்திருந்தார்கள். தொண்டை அடைத்துக்கொண்டது. அக்கா காயம் ஆறாத கையோடு இரண்டு தோள்களையும் உள்ளே விட்டு, கன்னத்தை இரும்பில் பதித்துக் கம்பிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். தம்பி பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான். காவலர் கைப்பிடிக்கருகே நின்றார்.

இயக்குநர் குழுவினரோடு உள்ளே நுழைந்தார். ஆணையத்தின் இதயம் இதுதான் என்றும், உள்ளிருந்து ஆணை பிறந்த கணத்துக்கும் அது நிறைவேறும் கணத்துக்கும் இடையில் இங்கே ஒரு மூச்சுக்கூட இடைவெளி இல்லை என்றும் விளக்கினார். குழுவினர் யந்திரத்தையும், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பெண்ணின் கால்களையும் பார்த்துத் தலையசைத்தார்கள்.

அப்போது காவலர் அறையிலிருந்து ஒருவர் ஓடிவந்து காவலரிடம் சீட்டைக் கொடுத்தார். 'நறுக்கு யந்திரம். கைப்பிடியை இறக்குக. உடனே.'

காவலரின் இடது கை, பழக்கத்தால், கைப்பிடிமேல் போய் அமர்ந்தது. அக்காவின் ஒரு கண் இரும்புக்கும் கன்னத்துக்கும் நடுவிலிருந்து அந்தக் கையைப் பார்த்தது. அவள் தோள்களை இழுத்தாள். அடைப்பில் சிக்கியிருந்த தோள்கள் வரவில்லை. தம்பி டார்ச்சைப் போட்டுவிட்டு அவளுடைய இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தான். முறிந்த விலா அவனுக்குள் மறுபடி முறிந்தது.

"போடுய்யா," என்றார் இயக்குநர். "அந்தம்மா அனுபவசாலி. வந்துடுவாங்க."

காவலர் சீட்டை இன்னொரு தடவை படித்தார். அவர் எந்தச் சீட்டையும் இரண்டாம் தடவை படித்ததில்லை. பிறகு திருப்பிப் பார்த்தார். பின்னாலும் ஒன்றும் இல்லை.

"ஐயா, இதை யாரு அனுப்பினது?"

வாசலில் இரும்பு விழும் ஓசை மட்டும் கேட்டது. பதிவறைக்காரர் கையிலிருந்த சாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். குழுத் தலைவர் கூரையைப் பார்த்தார். இயக்குநருக்குக் கேள்வி புரியவே சிறிது நேரம் ஆயிற்று.

"உள்ள இருந்து வந்திருக்குய்யா."

"அது தெரியுது. நீங்க அனுப்பினீங்களா?"

"நான் இல்ல. எதுக்கு நான்? உள்ள இருந்துதானே வந்திருக்கு, அப்புறம் என்ன?"

காவலர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். சீட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குழுவினரை, ஊழியர்களை, திறந்த கதவுக்கு அப்பால் தெரிந்த வரிசையை, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, மருத்துவர் தூக்கக்கூடாது என்ற வலது தோளையும் தூக்கிக்கொண்டு கேட்டார்.

"யாரு அனுப்பினதுன்னு கேக்கறேன். சொல்ற வரைக்கும் இது இறங்காது. யாரு அனுப்பினது?"